அணைந்த என்ஜின், அணையாத வானொலி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாத இரவில், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் என் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். டெங்கு காய்ச்சல் முற்றி, என் அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நோயாளியுடன் ஒருவர் மட்டுமே தங்க அனுமதி என்பதால் அவருடைய மகன் மாடியில் இருந்தான். நான் என்ஜினை நிறுத்திவிட்டு, கொசுவுக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, புழுக்கத்துக்காகக் காரின் விசிறியை மெல்லச் சுழலவிட்டு, வானொலியைத் தாழ்ந்த ஒலியில் வைத்திருந்தேன். பண்பலையில் பழைய திரைப்பாடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மணி பதினொன்று இருக்கும். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை.

இரண்டரை மணிக்குக் கைப்பேசி எழுப்பியது. "மாமா, அம்மாவுக்குத் தட்டணு இன்னும் குறைஞ்சுட்டே போகுதாம். ரத்த வங்கியில சொல்லி வச்சாச்சு. நீங்க உடனே போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றான் மருமகன். சாவியைத் திருப்பினேன். பாட்டு சட்டென்று அடங்கியது. முன்புறத்தில் எங்கோ 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியிலிருந்து கையை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. மீண்டும் திருப்பினேன், பாட்டு நின்றது, டக் டக். விட்டேன், பாட்டு வந்தது. அந்த நேரத்தில் அந்தப் பாடகரின் குரல் மீது எனக்கு உண்டான வெறுப்புக்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்லர்.

காவலாளி ஓடிவந்து, "தள்ளிப் பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டார். குனிந்து உள்ளே பார்த்தவர், கிளட்ச் இல்லாத தானியங்கி கியர் வண்டி என்று தெரிந்ததும், "இது தள்ளுனா எடுக்காதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாலைக்கு ஓடி ஓர் ஆட்டோவை அழைத்து வந்தார். ரத்த வங்கிக்குப் போய்த் திரும்ப எப்படியும் முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. அக்கா பிழைத்துக்கொண்டார், இன்றும் என்னைப் பார்த்தால் "பாட்டு கேட்டது போதுமா?" என்றுதான் நலம் விசாரிப்பார்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். கார் இயந்திரவியல் எனக்குத் தொழிலன்று. ஆனால் அன்றிரவு எழுந்த இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. என்ஜின் நின்ற பிறகும் வானொலி பாடலாம் என்று முடிவு செய்தவர் யார்? பாடுவதற்குத் தெம்பிருந்த பேட்டரிக்குப் புறப்படுவதற்கு மட்டும் எப்படித் தெம்பில்லாமல் போயிற்று?

முதல் கேள்விக்கு விடை சாவித் துளையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. சாவியால் இயங்கும் கார்களில் பொதுவாக நான்கு நிலைகள் உண்டு. முதலாவது பூட்டிய நிலை. அடுத்தது ஏ.சி.சி. என்று மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் 'அக்சஸரி' நிலை. துணைக்கருவிகளுக்கான நிலை என்று சொல்லலாம். இங்கே வானொலிக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றும் துளைக்கும் மட்டும் மின்சாரம் போகும். மூன்றாவது 'ஆன்'. இதில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, முகப்பிலுள்ள மானிகள், விசிறி என்று எல்லாமே விழித்துக்கொள்ளும். நான்காவது 'ஸ்டார்ட்', கையை எடுத்தால் தானாகவே மூன்றாவதற்குத் திரும்பிவிடும். ஆக, என்ஜின் ஓடுவதும் மின்சாரம் போவதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள். என்ஜினை நிறுத்திய பிறகும் வானொலி பாடுவது கோளாறன்று. யாரோ ஒருவரை இறக்கிவிட்டுக் காத்திருப்பவருக்காக வேண்டுமென்றே செய்துவைத்த வசதி. நான் செய்த பிழை, விசிறிக்காகச் சாவியை இரண்டாம் நிலையில் நிறுத்தாமல் மூன்றாம் நிலைக்குக் கொண்டுபோனது. எனக்குக் காரோட்டக் கற்றுத்தந்தவர் இந்த நிலைகளின் வேறுபாட்டைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்ஜின் ஓடும்போது அதனுடன் சேர்ந்து சுழலும் ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் தயாரிக்கிறது. வானொலி, விளக்கு, விசிறி எல்லாம் அந்த வருமானத்தில் நடக்கின்றன. மிச்சம் பேட்டரியில் சேமிப்பாகிறது. என்ஜின் நின்றதும் வருமானம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பாடும் ஒவ்வொரு பாட்டும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செய்யும் செலவு. சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி சாதாரணம். தாழ்ந்த ஒலியில் வானொலிக்கு ஓர் ஆம்பியர், விசிறிக்கும் விழித்திருந்த மற்ற கருவிகளுக்கும் நான்கு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை மணி நேரத்தில் பதினேழரை ஆம்பியர்-மணி போயிருக்கும். அதாவது, புதிய பேட்டரியாக இருந்திருந்தால் பாதி. என்னுடையதற்கு வயது நான்கு.

பாதிதானே போயிற்று, மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நானும் அதைத்தான் பாலக்கரைப் பக்கம் கார் வயரிங் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், பாட்டு சொட்டுச் சொட்டாக் கேட்கும். செல்ஃப் ஒரே மடக்காக் கேட்கும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும்.

வானொலியின் ஓர் ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 12 வாட். வீட்டிலுள்ள ஓர் எல்.இ.டி. விளக்கின் அளவு. என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ சிறிய காரில்கூட 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஏறக்குறைய 1,500 வாட். வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் இரண்டு குதிரைத்திறன் மோட்டாருக்குச் சமம். ஆனால் அது வேலை செய்வது ஒரு விநாடி அளவே. கணக்குப் போட்டால், ஒரு மணி நேரம் பாட்டு கேட்கும் மின்சாரத்தைக் கொண்டு 24 முறை காரைக் கிளப்பலாம். மொத்த அளவில் பார்த்தால், கார் கிளம்புவது மிகச் சிறிய செலவு. அன்றிரவு என் பேட்டரியில் இருந்த மின்சாரம் நூற்றுக்கணக்கான முறை கிளம்பப் போதுமானது. இல்லாமல் போனது அளவன்று, அதை ஒரே கணத்தில் தரும் ஆற்றல்.

வங்கிகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது நான் அடிக்கடி சொன்ன வேறுபாடு இது. ஒரு வங்கியிடம் நிலமும் கட்டடமும் நெடுங்காலக் கடன் பத்திரங்களும் நிறைய இருக்கலாம்; காலையில் வாசலில் வந்து நிற்பவர்கள் அனைவருக்கும் உடனே எடுத்துத் தர ரொக்கம் இல்லாவிட்டால் நண்பகலுக்குள் கதவு மூடப்படும். பொருளியலில் இதை நீர்மைத் தன்மை இல்லாமை என்போம். ஈய-அமில பேட்டரியில் இது எப்படி நேர்கிறது? மின்சாரம் வெளியேற வெளியேற உள்ளே தகடுகளின் மீது ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது, உள்தடை கூடுகிறது. சிறிய மின்னோட்டம் கேட்டால் அந்தத் தடை வெளியே தெரியாது. ஓய்வில் 12.2 வோல்ட்கூடக் காட்டும். வானொலி தெளிவாகப் பாடும். 150 ஆம்பியர் கேட்ட மறுகணம் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகிறது. ஸ்டார்ட்டரை என்ஜினுடன் கோத்துவிடும் மின்காந்தம் அந்த அழுத்தத்தில் பிடித்து நிற்க முடியாமல் விட்டுவிடுகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் ஏறுகிறது, மின்காந்தம் மறுபடியும் பிடிக்கிறது, மறுபடியும் விடுகிறது. நான் கேட்ட 'டக், டக்' அதுதான்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. சாவியை 'ஸ்டார்ட்' நிலைக்குத் திருப்பியபோது பாட்டு நின்றது அல்லவா? அது பேட்டரியின் பலவீனத்தால் மட்டுமன்று. துணைக்கருவிகளுக்குப் போகும் இணைப்பை அந்த நிலையில் சாவியே துண்டித்துவிடுகிறது. இருக்கும் மின்சாரம் முழுவதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்பதற்கான ஏற்பாடு. பாட்டைவிடப் பயணம் முக்கியம் என்பது காரை வடிவமைத்தவருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமையை அவர் ஒரே ஒரு விநாடிக்குத்தான் செயல்படுத்துகிறார். அதற்கு முந்தைய மூன்றரை மணி நேரத்தில், அந்த ஒரு விநாடிக்கான இருப்பைப் பாட்டு தின்றுகொண்டிருந்தபோது, கார் வாய் திறக்கவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ஈய-அமில பேட்டரியை 1859-இல் உருவாக்கியவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். முதல் கார்களைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். கைப்பிடி எதிர்த்திசையில் உதறி மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்தது. காரின் பேட்டரிக்கு அதன் தலையாய பணி அப்போதுதான் அமைந்தது. வானொலி பின்னால் வந்த விருந்தாளி. கால்வின் நிறுவனம் 1930-இல் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியபோது, வால்வுகளுக்குத் தேவைப்பட்ட உயர் அழுத்தத்துக்குத் தனி பேட்டரிகளையே பொருத்த வேண்டியிருந்தது. விருந்தாளி தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வந்த காலம் அது. பிறகு அவரும் வீட்டுக்காரரின் பானையில் கைவைக்கத் தொடங்கினார். 1955-இல் முழுக்க டிரான்சிஸ்டராலான கார் வானொலியை கிரைஸ்லரும் ஃபில்கோவும் அறிவித்த பிறகு செலவு வெகுவாகக் குறைந்தது, கவலையும் குறைந்தது. இன்று தொடுதிரை, ஒலிபெருக்கி, கைப்பேசி இணைப்பு என்று செலவு மீண்டும் ஏறிவிட்டது.

எங்கள் கல்லூரியின் பழைய முதல்வர் ஓர் அம்பாசிடர் வைத்திருந்தார். வானொலிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம். கிரிக்கெட் வர்ணனை கேட்டு அவர் பேட்டரியைத் தீர்த்துவிட்ட நாள்கள் உண்டு. பின்பெட்டியிலிருந்து கைப்பிடியை எடுத்து முன்னால் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார் ஓட்டுநர். அல்லது மாணவர் நால்வர் வந்து தள்ளுவோம். கார் கிளம்பிவிடும். இன்று கைப்பிடிக்குத் துளையே இல்லை. தானியங்கி கியர் கார்களைத் தள்ளியும் கிளப்ப முடியாது. பேட்டரி தீர்வதற்கான வழிகள் பெருகிக்கொண்டே போயின; தீர்ந்தால் மீள்வதற்கான வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. இவை இரண்டையும் ஒருசேர யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்க்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களின் பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் வானொலி பத்து நிமிடம் வரை பாடும். கதவைத் திறந்தால் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கிவிட்டார் என்பதற்குக் கதவு ஓர் அடையாளம். இதே கதவு விதி, மின்சாரத்தால் ஏறி இறங்கும் கண்ணாடிகளுக்கும் உண்டு. சாவியை அணைத்த பிறகும் கண்ணாடியை ஏற்றலாம். முன்கதவு திறக்கும் வரைதான் என்று அமெரிக்காவின் 118-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி வரையறுக்கிறது. பெரியவர் இறங்கிப் போன பிறகு உள்ளே இருக்கும் குழந்தை பொத்தானை அழுத்தி, ஏறும் கண்ணாடியில் கழுத்தையோ கையையோ சிக்க வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை அதற்குப் பின்னால் இருக்கிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் சிலவற்றில், துணைக்கருவி நிலையில் விட்டுவிட்டால் இருபது நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ தானே அணைந்துவிடும் ஏற்பாடும் உண்டு. இவ்வகைக் கார்களில் ஒரு தடுமாற்றம்: பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் என்ஜின் கிளம்பாது, துணைக்கருவி நிலைதான் வரும். பல தானியங்கி கார்களில் கியரை 'பி' என்ற நிறுத்த நிலைக்குக் கொண்டுவராமல் பொத்தானை அழுத்தினாலும் என்ஜின் நிற்குமே தவிர மின்சாரம் முழுதாக அணையாது. "வண்டியை நிறுத்திட்டேன், பாட்டு மட்டும் நிக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான் என்றார் பாலக்கரைக்காரர்.

மீதிப் பாதி? அவர் ஒரு வானொலிப் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று கம்பிகள். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். நிலைய அலைவரிசைகளையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள. சிவப்பு, சாவியின் சொல் கேட்டு நடக்கும். கறுப்பு, காரின் உடலோடு சேரும் திரும்பும் வழி. வெளியே வாங்கிப் பொருத்தும் பெட்டிகளில் சிலர் வேலை சுலபமாகட்டும் என்று மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு சாவி எங்கிருந்தாலும், பூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாலும், வானொலிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் உண்டு. தேய்ந்துபோன சாவி சுவிட்ச், ஒட்டிக்கொண்ட ரிலே, கதவு திறந்ததைச் சொல்லத் தவறும் சிறு பொத்தான் ஆகியவையும் உண்மையான கோளாறுகள். பரிசோதனை எளிது: சாவியைக் கையில் எடுத்து, கதவைத் திறந்து மூடி, கால் மணி நேரம் கழித்தும் பாட்டு நிற்கவில்லை என்றால் வயரிங் கடைக்குப் போகலாம். அதற்குள் நின்றுவிட்டால் கார் சொன்னபடிதான் நடக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் மஞ்சள் கம்பி போன்ற சிறு செலவுகள் நிற்பதில்லை. பூட்டி நிறுத்திய காரில் 30 மில்லி ஆம்பியர் என்பது சாதாரணம். மூன்றரை வாரத்தில் அதுவும் பதினேழு ஆம்பியர்-மணி ஆகிவிடும். 2020 ஊரடங்கில் வாசலிலேயே நின்ற கார்கள் தளர்வு அறிவித்த நாளில் எழுந்திருக்க மறுத்தது இதனால்தான். மின்சாரக் கார் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அவற்றிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியின் இணைப்பை மூடித் தருவதே அதுதான். அது தீர்ந்துவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு கார் அசையாமல் நிற்கும்.

கடலில் போகும் உல்லாசப் படகுகளில் இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. என்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்குக்கும் வானொலிக்கும் இன்னொன்று. இடையே ஒரு தடுப்பு. இரண்டாவது முற்றிலும் தீர்ந்தாலும் முதலாவது தொடப்படாது. வீட்டுச் செலவுக் கணக்கையும் அவசரத் தேவைக்கான வைப்பையும் தனித்தனியே வைப்பது போன்றது. காருக்கு இரண்டு பேட்டரி என்பது எடையும் விலையும் கூடுதல். அதை நான் கேட்கவில்லை. நம் வீட்டு மூலையில் இருக்கும் இன்வெர்ட்டரைப் பாருங்கள். அதுவும் இதே ஈய-அமில பேட்டரியில்தான் ஓடுகிறது. மின்வெட்டு நீண்டால் முதலில் 'பீப்' என்று எச்சரிக்கிறது. பேட்டரியின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்கிறது. சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு இருக்கும் இந்த அறிவு, பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் கார்களில் சிலவற்றில் மட்டுமே இருக்கிறது. மற்றவற்றில் ஒன்று கடிகாரம் இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லை. கடிகாரத்துக்கு நேரம்தான் தெரியும். பேட்டரி புதிதா பழையதா, வண்டி கடைசியாக எவ்வளவு தூரம் ஓடியது என்பதெல்லாம் தெரியாது. கிளம்புவதற்கான இருப்பைத் தொடும் முன் வானொலியை நிறுத்தும் அழுத்தத் துண்டிப்பு, காருக்குள் ஏற்கெனவே இருக்கும் கணினிக்குப் பெரிய வேலையன்று. பொத்தானுக்கு அருகே வண்ண விளக்குகளை மாற்றி மாற்றிக் காட்டத் தெரிந்த நிறுவனங்களுக்கு இது முடியாததுமன்று. ஆனால் விற்பனைக் கூடத்தில் வாடிக்கையாளர் அதைக் கேட்பதில்லை. நின்றுபோன காருக்கான செலவும் நிறுவனத்தின் கணக்கில் வருவதில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தவர் நான்.

அதுவரை, காத்திருக்க வேண்டியவர்களுக்கு இரண்டு செய்திகள். நெடுநேரம் பாட்டு வேண்டுமென்றால் சாவியை 'ஆன்' நிலையில் அல்லாமல் துணைக்கருவி நிலையில் வையுங்கள். செலவு பல மடங்கு குறையும். பேட்டரி தீர்ந்து மற்றொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கினால், கறுப்புக் கம்பியின் கடைசி முனையைத் தீர்ந்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி என்ஜினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும்; அங்கே பொறி பறக்கக் கூடாது. கிளம்பிய பிறகு தெருமுனை வரை ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பாதி காலியான பேட்டரி பத்து நிமிடத்தில் நிரம்பாது.

நான் பேட்டரியை மாற்றிவிட்டேன். காரின் முன்பெட்டியில் இப்போது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரிக் கட்டைகளில் ஓடுவது. சென்ற மாதம் அக்காவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போயிருந்தபோது, வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஏறியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.